தாம்பாளத்தில் வைத்த சாவி

எங்கள் வீட்டு ஓடு ஒழுகியது உண்மை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடந்ததைக் கேட்கிறவர்கள் எல்லாரும், "அப்ப ஒழுகவே இல்லையா, வீட்டுக்காரன் சும்மா சொன்னானா?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஒழுகியது. ஐப்பசி அடைமழையில் அடுப்படியில் ஒரு குண்டான், கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு வாளி, அலமாரியின் மேல் எங்கிருந்தோ அப்பா வாங்கிவந்த பழைய ஃபிளெக்ஸ் பேனர். அது யாரோ ஒரு பிள்ளையின் காதணி விழா பேனர். மழை நாளெல்லாம் அந்தப் பிள்ளை எங்கள் துணிமணிக்கு மேல் படுத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருக்கும்.

அன்னவாசலில் பஸ் போகிற ரோட்டை ஒட்டிய காம்பவுண்டு அது. ஒரே சுவரில் வரிசையாக மூன்று ஓட்டு வீடுகள். மூன்றுக்கும் வாசல் ரோட்டைப் பார்த்துத்தான், முதல் வீடு எங்களுடையது. நடுவீட்டில் ஒரு அக்கா. கணவர் குவைத்தில் டிரைவர், அக்கா புதுக்கோட்டையில் ஒரு பியூட்டி பார்லரில் வேலை. கடைசி வீடு வெகுநாளாகப் பூட்டிக் கிடந்தது. நான் பிறந்து வந்து விழுந்தது அந்த ரோட்டோர வீட்டில்தான். வாடகை வீடு என்பதே எனக்குப் பள்ளிக்கூடத்தில் விண்ணப்பம் நிரப்பும்போதுதான் உறைத்தது.

அப்பா தனியார் பஸ்ஸில் கண்டக்டர். புதுக்கோட்டையிலிருந்து இலுப்பூர் வழியாக ஓடுகிற பஸ். சர்க்கரை அவர் கண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது. முதலில் ராத்திரி டிரிப் போக முடியவில்லை, பிறகு சில்லறை தெரியவில்லை, கடைசியில் எதுவுமே தெரியவில்லை. வேலை போனது. ஆனால் எங்கள் வீட்டுக்குள் அப்பாவைப் பார்க்கிற யாரும் அவருக்குக் கண் தெரியாது என்று சட்டெனச் சொல்லிவிட முடியாது. அடுப்படிக்குப் போகிற இடத்தில் சிமெண்டுத் தரை தேய்ந்து பள்ளமாக இருக்கும், கால் வைத்ததும் வலது பக்கம் திரும்புவார். கொல்லைக் கதவின் இடுக்கு வழியாக வருகிற காற்றை வைத்துக் குளியலறைக்குப் போவார். வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு ஹாரன் சத்தத்தைக் கேட்டே எந்த பஸ், யார் டிரைவர், லேட்டா இல்லையா என்று சொல்வார். "இன்னைக்கு எங்க பய பிரேக்க மாத்திட்டான், கேட்டியா?" என்பார். நான் எங்கே கேட்டேன்? எனக்கு எல்லா பிரேக்கும் ஒன்றுதான்.

வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து நிரந்தரமாகத் திரும்பி வந்தார். அவருடைய அப்பாதான் எங்களுக்கு வீடு கொடுத்தவர். இவர் அரைக்கால் சட்டையோடு திரிந்த நாளிலிருந்து அப்பாவுக்குத் தெரியும். அப்பாவை அண்ணன் என்றுதான் கூப்பிடுவார். வந்த வேகத்தில் மச்சினனையும் கூட்டிக்கொண்டு வந்து ஓட்டுக் கூரையைப் பார்த்தார். அந்த மச்சினன் கட்டட வேலை எடுத்துச் செய்கிறவர். ஒரு கம்பை வைத்து உத்திரத்தைத் தட்டினார், பொடி உதிர்ந்தது, அவ்வளவுதான் பரிசோதனை.

"அண்ணே, இது இன்னொரு மழை தாங்காதுண்ணே. ஓட்ட பிரிச்சுட்டு தளம் போட்டுடலாம். தை பொறக்குறதுக்குள்ள முடிச்சுக் குடுத்துடுறேன். நீங்களே வந்து பால் காய்ச்சுங்க."

"அதுக்கென்ன தம்பி, செய்யி. ஒன் வீடு. ஆனா எங்க போறது நாங்க?"

"அத நான் பாக்குறேன். கொளத்துப் பக்கம் எங்கூட்டாளி வீடு சும்மா கெடக்கு. அதுல இருங்க. ஆனியிலயே மாறிடுங்கண்ணே, ஆடி பொறந்துட்டா நகர முடியாது."

எனக்கு அப்போது கல்லூரி முடிந்து, அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம். படித்துக்கொண்டிருந்தேன் என்பது கொஞ்சம் கூடுதல். போனில் எதையாவது பார்த்துக்கொண்டே இருப்பேன். மராமத்து என்று சொல்லிக் காலி செய்ய வைத்துவிட்டு வேறு ஆளுக்கு விடுவதைப் பற்றி ஒரு வக்கீல் பேசிய காணொளி கண்ணில் பட்டது. வேலை முடிந்ததும் நாங்களே திரும்ப வருவோம் என்று இரண்டு பேரும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளாமல் வெளியே காலை வைக்காதீர்கள் என்றார் அவர். நான் துள்ளிக்கொண்டு அப்பாவிடம் ஓடினேன். ஒரே மகள் என்று என்னை ஆத்தா என்றுதான் கூப்பிடுவார். நானே எழுதி, பக்கத்துக் கடையில் பிரிண்ட் போட்டுக்கொண்டு வருகிறேன் என்றேன்.

"அவன் என்ன நெனைப்பான் ஆத்தா? அவங்கப்பன் செத்தப்ப நான் தோள் குடுத்தவன். இப்பப் போயி கையெழுத்துப் போடுன்னு நீட்டுனா, ஒன்ன நம்பலடான்னு மூஞ்சிக்கு நேரா சொல்றதுல்ல?"

"நம்பிக்கை வேற, எழுதுறது வேறப்பா."

"ஒங்க போன்ல அப்புடியா? எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

அம்மா என் பக்கம்தான் இருந்தார். ஆனால் அப்பா ஒன்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் பேச மாட்டார், பாத்திரத்தை மட்டும் கொஞ்சம் சத்தமாக வைப்பார்.

நடுவீட்டு அக்கா வேறு மாதிரி. வீட்டுக்காரர் சொன்னதைக் கேட்டுவிட்டு, "சரிண்ணே, நான் எங்கம்மா வீட்டுக்குப் போறேன். சாவி எங்கிட்டயே இருக்கட்டும். கொத்தனார் வந்தா ஒரு போன் போடுங்க, நான் வந்து தொறந்து விடுறேன்" என்றார். கிரைண்டர், பீரோ, கட்டில் எதையும் எடுக்கவில்லை. பெரிய பூட்டு ஒன்றை வாங்கிப் பழைய பூட்டுக்குப் பக்கத்தில் மாட்டினார். வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. அப்பாவுக்கும் அது பிடிக்கவில்லை.

"ஒரு மரியாதை வேணாமா அந்தப் புள்ளைக்கு?" என்றார் உள்ளே வந்து.

சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பதில் வந்தது. "காது கேக்குது மாமா எனக்கு. மரியாதைய நீங்க குடுங்க, பூட்ட நான் போட்டுக்கறேன்."

நாங்கள் கிளம்பிய அன்று காலையில் வீட்டைக் கழுவிவிட்டிருந்தோம். சாமான் எல்லாம் குட்டி யானை வண்டியில் ஏறிவிட்டது. அம்மா சாவியை எடுத்து வீட்டுக்காரர் கையில் கொடுக்கப் போனார். அப்பா தடுத்தார்.

"வெறுஞ்சாவிய கையில குடுக்காத. தாம்பாளத்தை எடு."

தாம்பாளம் வண்டியில் அடியில் போய்விட்டது. அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஏறி, பாத்திர மூட்டையை அவிழ்த்து எடுத்து வந்தார். நான் கடைக்கு ஓடி வெற்றிலை, பாக்கு, பூவன்பழம் வாங்கி வந்தேன். மஞ்சள் பாத்திர மூட்டையிலேயே இருந்தது. எங்கள் சொந்தக்காரர்களுக்குள் இப்படி ஒரு பழக்கம் உண்டு. வீட்டை விட்டு ஒரேயடியாகப் போகிறவன் சாவியைச் சும்மா கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவான். உறவு அறாமல் போகிறவன்தான் தாம்பூலத்தோடு கொடுப்பான். திரும்ப வருவேன் என்று வாயால் சொல்லக் கூச்சப்பட்டு அப்பா அதைத் தாம்பாளத்தில் வைத்துச் சொன்னார். எனக்கே அன்றைக்கு அம்மா விளக்கித்தான் புரிந்தது.

வீட்டுக்காரர் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையாலும் வாங்கினார். அவர் கண்கூடக் கலங்கியிருந்தது. அந்த நிமிடம் அவர் நடித்தார் என்று இன்றைக்கும் என்னால் சொல்ல முடியவில்லை. மச்சினன், "அப்புடியே நில்லுங்க, ஒரு போட்டோ எடுத்துக்குவோம். இங்கிட்டு திரும்புங்கண்ணே, சிரிங்க" என்றார். அப்பா குரல் வந்த திசைக்கு முகத்தைத் திருப்பிச் சிரித்தார்.

குளத்துப் பக்கத்து வீடு மோசமில்லை. தளம் போட்ட வீடு, குழாயில் தண்ணீர் வரும். ஆனால் பஸ் சத்தம் கேட்காது. அப்பா அந்த வீட்டைப் பழகவே மாட்டேன் என்றார். ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்ததுபோல் சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து பாருங்கள் என்றால், "தை வரைக்கும் இருக்கப் போற வீட்ட எதுக்கு மண்டையில ஏத்தணும்? அப்பறம் நம்ம வீட்டுக்குப் போயி கொழம்பிரும்" என்பார். அதனால் கட்டிலிலேயே உட்கார்ந்திருப்பார். தண்ணீர் வேண்டுமென்றால் கூப்பிடுவார். குளியலறைக்கு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு போவார். நாங்கள் இருவரும் வெளியே போன ஒரு மத்தியானம், வரும்வரை அசையாமல் உட்கார்ந்திருந்து வேட்டியை நனைத்துவிட்டார். அம்மா வேட்டியை மாற்றிவிட்டுத் தரையைத் துடைத்தார். அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு, "தை வரட்டும்" என்றார்.

தை வந்தது. தளம் போட்டாகிவிட்டது என்று மட்டும் போனில் செய்தி வந்தது. பிறகு வீட்டுக்காரர் போனை எடுப்பது குறைந்தது. நான் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பார்க்கப் போனேன். எங்கள் வீடும் பூட்டிக் கிடந்த கடைசி வீடும் இடிந்து, பிரிந்து, புதிதாக எழும்பியிருந்தன. நடுவில் அக்காவின் ஓட்டு வீடு மட்டும் இரண்டு பூட்டோடு அப்படியே நின்றது. எங்கள் வாசல் இருந்த இடத்தில் ஒருவர் வெல்டிங் அடித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, இது வீடா, கடையா?"

அவர் கண்ணாடியைத் தூக்கிவிட்டு என்னைப் பார்த்தார். "ஷட்டர் மாட்டுறேன் பாப்பா. வீட்டுக்கு யாரு ஷட்டர் போடுவா?"

வந்து சொன்னேன். அப்பா அசரவில்லை. "முன்னாடி கடை, பின்னாடி நமக்குன்னு போட்டிருப்பான். ரோட்டோரத்த சும்மா விட முடியுமா? அவன் பொழப்பும் பாக்கணும்ல."

பின்னாடி ஒன்றுமில்லை, குடோன் என்று எனக்குத் தெரியும். பார்த்துவிட்டுத்தானே வந்தேன். சொல்லவில்லை. அப்புறம் வீட்டுக்காரரே ஒருநாள் வந்தார், தலையைச் சொறிந்துகொண்டு. செலவு எங்கேயோ போய்விட்டது, மச்சினன் கணக்கு அப்படி, கீழே கடையாக விட்டால்தான் கட்டும், மாடியில் ஒரு ரூம் போட்டுத் தருகிறேன் என்றார். கம்பி ஏணி மாதிரி வெளிப்பக்கப் படிக்கட்டு, கைப்பிடி பிறகு வைத்துக்கொள்ளலாமாம்.

"கண்ணு தெரியாத மனுசன மாடியில ஏத்துறேங்கிறீங்களே தம்பி" என்றார் அம்மா. அதுதான் அம்மா அவரிடம் பேசிய கடைசிப் பேச்சு. மாடி ரூமும் பிறகு வரவில்லை.

திங்கட்கிழமை மனு கொடுக்கிற கூட்டத்துக்கு நான்தான் போனேன். மனுவை மூன்று விதமாக எழுதி, மூன்றையும் கிழித்து, நான்காவதைக் கொடுத்தேன். அது சுற்றிச் சுற்றி, இலுப்பூரில் ஒரு அலுவலகத்தில் இரண்டு தரப்பையும் கூப்பிட்டு விசாரிக்க நாள் குறித்தார்கள். அப்பா வர மாட்டார் என்று நினைத்தேன். உடனே சரி என்றார்.

"நேருக்கு நேரா நான் போயி நின்னா அவனால மறுக்க முடியாது. ஒன் மனுவெல்லாம் வேணாம், என் குரல் போதும்."

பஸ்ஸில் போனோம். அவர் ஓடிய அதே ரூட். கண்டக்டர் அப்பாவிடம் தொழில் பழகிய பையன். டிக்கெட்டுக்குக் காசு வாங்க மறுத்துவிட்டு, "மாமா, ஒங்க சீட்டுல ஒக்காருங்க" என்று படிக்கட்டுப் பக்கத்து சீட்டில் உட்கார வைத்தார். பல மாதத்துக்குப் பிறகு அப்பாவின் முதுகு நிமிர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். வளைவு வருவதற்கு முன்பே உடம்பைச் சாய்த்தார். நிறுத்தம் வருவதற்கு முன்பே ஊர்ப்பெயரைச் சொன்னார். ஒரு கிழவி, "பழைய கண்டக்டரா? அன்னைக்கு என்னைய எறக்கிவிடாம அடுத்த ஸ்டாப்புல எறக்குனியே" என்று வம்புக்கு வந்தார். "நீ தூங்குன, நான் என்ன ஒன்ன தூக்கிட்டா எறங்குறது?" என்றார் அப்பா. பஸ்ஸே சிரித்தது. அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார்.

அலுவலகத்தில் நாங்கள் மூன்று பேர், எதிரே வீட்டுக்காரரும் மச்சினனும். அதிகாரி நல்ல மாதிரிதான். அப்பாவுக்கு நாற்காலி போடச் சொன்னார். எழுதிய ஒப்பந்தம் ஏதாவது இருக்கிறதா என்றார். இல்லை. திரும்ப வரலாம் என்று சொன்னதற்கு யாராவது சாட்சி உண்டா என்றார். நான் எழுந்து நடந்ததையெல்லாம் சொன்னேன், கொஞ்சம் வேகமாக. "மெதுவாம்மா" என்று இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது அவருக்கு. ஏமாற்றி, நெருக்கடி கொடுத்துக் காலி செய்ய வைத்தார்கள் என்று மனுவில் எழுதியிருந்ததையும் படித்தேன்.

மச்சினன் போனை நீட்டினார். "நெருக்கடியெல்லாம் இல்ல சார். பாருங்க. சந்தோசமா, தாம்பாளத்துல வச்சு, கணக்கு முடிச்சுக் குடுத்தாங்க."

அதிகாரி பெரிதாக்கிப் பார்த்தார். பிறகு, பழக்கத்தில், போனை அப்பாவின் முன்னால் திருப்பினார். "இது நீங்கதானே? பாத்துச் சொல்லுங்க."

அதிகாரிக்குச் சட்டென்று உறைத்து, கையை இழுத்துக்கொண்டார்.

"என்ன அது?" என்றார் அப்பா. "ஆத்தா, என்ன காட்டுறாங்க?"

அம்மா என் கையை அழுத்தினார். சொல்லாதே என்றா, சொல் என்றா, தெரியவில்லை. பொய் சொல்ல எனக்கு எதுவும் தோன்றவும் இல்லை.

"போட்டோப்பா. நாம கெளம்புன அன்னைக்கு எடுத்தது. நீங்க சாவி குடுக்குறீங்க."

"வாசல்லயா?"

"வாசல்லதான்."

"ஒங்கம்மா இருக்காளா அதுல?"

"பின்னாடி நிக்கிறாங்க. பச்சச் சீல."

"வீடு தெரியுதா?"

"கதவும் நெலையும் தெரியுது."

அப்பா தலையை ஆட்டினார்.

"நான் எப்புடி இருக்கேன்?"

"சிரிக்கிறீங்கப்பா."

அப்பா அதிகாரி இருந்த பக்கமாகத் திரும்பினார். "ஆமாங்கய்யா. சிரிச்சுத்தான் குடுத்தேன். யாரும் என்னைய மெரட்டல. சண்ட போட்டுக் குடுத்தா அந்த வீட்டுக்கு ஆகாது, அதுல பொழங்கப் போறது நாங்கதானேன்னு குடுத்தேன்." வீட்டுக்காரர் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பி, "தம்பி, நீ சொல்லுப்பா. ஒனக்குத் தெரியுமில்ல" என்றார்.

வீட்டுக்காரர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் வாயைத் திறக்கப் போனதை நான் பார்த்தேன். மச்சினன் அவர் தொடையில் கையை வைத்தார். அவர் வாயை மூடிக்கொண்டார். அப்பா அந்தப் பதிலுக்காக முகத்தை அந்தப் பக்கமே வைத்துக்கொண்டு வெகுநேரம் காத்திருந்தார். ஒரு ஆள் தலையைக் குனிந்துகொண்டிருப்பது அவருக்கு எப்படித் தெரியும்?

மனமுவந்து ஒப்படைத்ததாகத்தான் தெரிகிறது, இதற்கு மேல் நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்ளுங்கள் என்று எழுதினார்கள். வெளியே வந்ததும் அதிகாரி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அந்தத் தாம்பாளம் இல்லாம இருந்திருந்தாக்கூட ஏதாவது பேசிப் பாத்திருக்கலாம்மா" என்றார். அதை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. திரும்பும்போது அப்பா ஜன்னலோர சீட்டைக் கேட்டு வாங்கினார். ஒரு ஊர்ப்பெயரும் சொல்லவில்லை.

நடுவீட்டு அக்கா இன்னும் அங்கேதான் இருக்கிறார். கொத்தனாரை உள்ளே விட்டு ஓடுகளை மட்டும் மாற்றிக்கொண்டு திரும்பி வந்துவிட்டார். இந்தப் பக்கம் ஒரு செல்போன் கடை, அந்தப் பக்கம் ஒரு பேக்கரி. என்னைப் பார்த்தால், "கேஸப் போடுடி, நான் சாட்சி சொல்றேன், மாமாவுக்காக வாரேன்" என்கிறார். மாமாவுக்கு வேண்டாம். நான் கேட்டுவிட்டேன்.

எனக்குத்தான் ஆறவில்லை. ஊரில் எந்தக் காம்பவுண்டில் மராமத்து என்ற பேச்சு அடிபட்டாலும் போய் நின்றுவிடுகிறேன். எழுதி வாங்குங்கள், சாவியை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள், வாடகையைக் கையில் கொடுக்காமல் போனில் அனுப்புங்கள் என்று சொல்கிறேன். "நீ என்ன வக்கீலா? மொதல்ல ஒங்க வீட்ட மீட்டியா?" என்று ஒரு பெண் கேட்டார். இல்லை என்றேன். அதற்குப் பிறகுதான் அவர் உட்காரச் சொல்லி முழுவதையும் கேட்டார். இப்போது அவர் வீட்டு ஓட்டைப் பிரித்திருக்கிறார்கள். கையெழுத்துப் போட்ட தாள் அவரிடம் இருக்கிறது. திரும்பிப் போவாரா என்று மழைக்கு முன் தெரிந்துவிடும்.

போன வாரம் ஒரு காலையில் நான் போனில் அப்படி ஒருவருக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா கடைக்குப் போயிருந்தார். கட்டில் கிறீச்சிட்டது. அப்பா எழுந்து நின்றார். யாரையும் கூப்பிடவில்லை. இடது கையை நீட்டிச் சுவரைத் தேடினார். கிடைத்ததும் உள்ளங்கையை முழுவதும் பதித்து, சுவரோடு நகர்ந்தார். ஸ்விட்ச் போர்டு தட்டுப்பட்டது, அதைத் தடவிப் பார்த்தார். காலண்டர் தட்டுப்பட்டது. அலமாரியின் முனையில் முட்டியை இடித்துக்கொண்டு ஒரு நிமிடம் நின்றார். நான் எழுந்தேன்.

"வராத. ஒக்காரு ஆத்தா. கையப் புடிச்சா மண்டையில நிக்காது."

உட்கார்ந்தேன்.

"இங்கிட்டு என்ன இருக்கு?"

"அடுப்படிப்பா."

"அப்ப கொல்ல?"

"இந்த வீட்டுல கொல்ல இல்லப்பா."

"சரி" என்றார். "சரி." கையைச் சுவரிலிருந்து எடுக்காமல், வந்த வழியே திரும்பி, மறுபடி கட்டிலிலிருந்து ஆரம்பித்தார்.